கூரையில் விழும் 100 குடம் தண்ணீர்!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி. ஞாயிற்றுக்கிழமை காலை நேரம்.

தாய்லாந்து நாட்டில் புக்கெட் என்று ஒரு தீவு. அங்கே மாய்காவ் என்ற கடற்கரை. இங்கிலாந்தில் இருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம் மணலில் உலாவிக்கொண்டிருந்தது. தாய், தந்தை, இரண்டு பெண் குழந்தைகள். மூத்தவள் பெயர் டில்லி சுமித். வயது 10.

டில்லி கடலைப் பார்த்தாள். ஏதோ சரியில்லை என்று அவளுக்குத் தோன்றியது. கடலில் நுரை பொங்கியது. தண்ணீர் கரைக்கு வந்தது; ஆனால் திரும்பிப் போகவில்லை. மேலும் மேலும் ஏறியது.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டே வாரத்துக்கு முன்பு பள்ளிக்கூடத்தில் பூகோள வகுப்பு நடந்தது. கடலுக்கு அடியில் பூமி அதிர்ந்தால் பேரலை எழும் என்று வாத்தியார் சொன்னார். அது வருவதற்கு முன் கடல் எப்படி மாறும் என்றும் சொன்னார். அவர் சொன்ன அடையாளம் இப்போது கண் முன்னால் இருக்கிறது!

சிறுமி கத்தினாள். தாயார் முதலில் நம்பவில்லை. ஆனால் மகள் விடவில்லை. தகப்பனார் நம்பினார். ஓட்டல் காவலாளியிடம் ஓடிச் சொன்னார். கடற்கரையில் இருந்தவர்கள் அவசரமாக வெளியேற்றப்பட்டார்கள். சில நிமிஷங்களில் அலை வந்து மோதியது. அந்தக் கரையில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. சுமார் 100 பேர் பிழைத்தார்கள்.

அதே நாள் காலையில் தமிழ்நாட்டுக் கரையையும் அலை அடித்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் சுமார் 6,000 பேர் மாண்டார்கள். "சுனாமி" என்ற சொல்லே அன்றுதான் பல வீடுகளுக்குத் தெரிய வந்தது.

பாட்டி சொன்ன கதை

இந்தோனேசியாவில் சிமலுவே என்று ஒரு தீவு உண்டு. பூகம்பம் உண்டான இடத்துக்கு மிகப் பக்கம் அது. ஜனத்தொகை சுமார் 78,000. அத்தனை பேரும் அழிந்திருக்க வேண்டும். மாண்டவர்கள் எத்தனை பேர்? ஏழே பேர்!

என்ன காரணம்? 1907-ம் ஆண்டில் அந்தத் தீவைப் பேரலை ஒன்று தாக்கியது. பிழைத்தவர்கள் அதை மறக்கவில்லை. கதையாகவும் பாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். அலைக்கு "ஸ்மாங்" என்று பெயர் வைத்தார்கள். பூமி பலமாக ஆடினால், கடல் உள்வாங்கினால், மேட்டுக்கு ஓடு என்பதுதான் கதையின் சாரம். 97 ஆண்டுகளுக்குப் பிறகு பூமி ஆடியது. ஜனங்கள் மேட்டுக்கு ஓடினார்கள்.

ஓரிடத்தில் பூகோள வாத்தியார். இன்னோரிடத்தில் பாட்டி. இரண்டு பேருமே "சுற்றுச்சூழல்" என்று ஒரு தனிப் பாடம் நடத்தவில்லை. ஒருவர் வழக்கமான பூகோள வகுப்பை நடத்தினார். மற்றவர் பிள்ளைகளுக்குக் கதை சொன்னார். அன்றாடம் நடக்கிற காரியத்தோடு சேர்ந்து வந்ததால்தான் அந்த அறிவு மனத்தில் ஒட்டியது. தேவைப்பட்ட நேரத்தில் கை கொடுத்தது.

நம் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லிக் கொடுக்கிறோம்?

ஜூன் 5-ந் தேதி

ஆண்டுக்கு ஒரு நாள், ஜூன் 5-ந் தேதி, உலகச் சுற்றுச்சூழல் தினம் வருகிறது. பள்ளிக்கூடத்தில் மரக்கன்று நடுகிறார்கள். படம் எடுக்கிறார்கள். மாணவர்கள் உறுதிமொழி சொல்கிறார்கள். பிறகு மணி அடிக்கிறது. கன்றுக்கு மறுநாள் தண்ணீர் ஊற்றுவது யார் என்று முடிவு செய்வதற்குள் கூட்டம் கலைந்துவிடுகிறது. அடுத்த ஜூன் மாதம் பல இடங்களில் அதே குழியில் இன்னொரு கன்று நடப்படுகிறது. குழி வெட்டும் செலவு மிச்சம்!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. "காட்டைக் காப்போம்" என்று மாதிரி செய்து வரச் சொல்லுவார்கள். பிள்ளை தூங்கிவிடும். தகப்பனார் இரவு 11 மணி வரை உட்கார்ந்து தெர்மாகோல் அட்டையை வெட்டுவார். பிளாஸ்டிக் மரம், பிளாஸ்டிக் புலி, பச்சைச் சாயம் பூசிய மரத்தூள். மறுநாள் அதற்குப் பரிசு. ஒரு வாரம் கழித்து அந்தத் தெர்மாகோல் காடு குப்பையில் கிடக்கும். மக்கவும் மக்காது.

சட்டத்தில் குறை இல்லை. 1991-ம் ஆண்டில் எம்.சி.மேத்தா என்ற வக்கீல் தொடர்ந்த வழக்கில், பள்ளிகளில் சுற்றுச்சூழல் கல்வி கட்டாயம் வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. 2005-ல் வந்த தேசியக் கலைத்திட்டம் இன்னும் தெளிவாக வழி காட்டியது. 1, 2 வகுப்புகளில் இதற்குத் தனிப் பாடம் வேண்டாம். மொழிப் பாடத்தோடும் கணக்கோடும் கலந்து சொல்லிக் கொடுங்கள் என்றது. தமிழ்நாட்டில் 2018-ல் வந்த புதிய பாடநூல்களில் சூழ்நிலையியல் என்ற பாடம் முதல் வகுப்பிலேயே இடம்பெற்றது. படங்கள் அழகாகத்தான் இருந்தன.

ஆனால் புத்தகத்தில் உள்ள மரம் வேறு. சன்னலுக்கு வெளியே நிற்கும் மரம் வேறு. "மரத்தின் பயன்கள் யாவை?" என்ற கேள்விக்கு ஐந்து பதில்களை ஒப்பிக்கிற பிள்ளைக்கு, பள்ளி வாசலில் நிற்பது புங்கமரமா, பூவரசா என்று தெரிவதில்லை. இது பிள்ளையின் குற்றம் அல்ல. யாரும் கேட்கவில்லை, அதனால் அது பார்க்கவில்லை.

இந்தக் கல்வி வரவேண்டிய இடம் கணக்கு வகுப்பு, தமிழ் வகுப்பு, சித்திர வகுப்பு, மதிய உணவு வரிசை. தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டியதே இல்லை.

மழைக் கணக்கு

ஐந்தாம் வகுப்பில் பரப்பளவுக் கணக்கு வருகிறது. நீளத்தை அகலத்தால் பெருக்க வேண்டும். புத்தகத்தில் ஒரு செவ்வகம் போட்டிருக்கும். அந்தச் செவ்வகத்தைத் தூக்கிப் பள்ளிக் கூரைமேல் வைத்துப் பாருங்கள்!

கூரையின் நீளம் 10 மீட்டர். அகலம் 6 மீட்டர். பரப்பளவு 60 சதுர மீட்டர்.

நேற்று இரவு மழை. முற்றத்தில் ஒரு டப்பா வைத்திருந்தார்கள். அடி முதல் வாய் வரை ஒரே அகலம் உள்ள டப்பா. மரத்தடியில் வைக்காமல் திறந்த வெளியில் வைத்தது. காலையில் ஒரு பையன் அடிக்கோலை விட்டு அளந்தான். 25 மில்லி மீட்டர்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லி மீட்டர் மழை பெய்தால் அது சரியாக ஒரு லிட்டர். அப்படியானால் கூரையில் விழுந்த தண்ணீர் எவ்வளவு? 60-ஐ 25-ஆல் பெருக்கினால் 1,500 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 100 குடம்!

தண்ணீர் லாரிக்காக அம்மாவோடு வரிசையில் நின்ற பிள்ளைக்கு 100 குடம் என்றால் என்ன என்று தெரியும். பாட்டி ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறும்போது எப்படி மூச்சு வாங்குகிறாள் என்று அது பார்த்திருக்கிறது. ஒரே இரவில் 100 குடம் தலைக்கு மேல் விழுந்து சாக்கடைக்குப் போனது என்றால், அந்தப் பிள்ளை சும்மா இருக்குமா? "ஏன் சார் பிடிக்கவில்லை?" என்று கேட்கும்.

அப்போது மழைநீர் சேகரிப்பைப் பற்றிச் சொல்லலாம். தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே எல்லாக் கட்டிடங்களுக்கும் அது கட்டாயம் ஆக்கப்பட்டது என்று சொல்லலாம். நம் பள்ளிக் கூரையின் குழாய் எங்கே போகிறது, அடைத்திருக்கிறதா என்று எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 920 மில்லி மீட்டர் மழை பெய்கிறது. அந்தக் கணக்கையும் பிள்ளைகளே போடட்டும். விடை 55,200 லிட்டர். அதாவது 3,680 குடம்.

இதில் பரப்பளவு வந்துவிட்டது. பெருக்கல் வந்துவிட்டது. வகுத்தலும் வந்துவிட்டது. பாடத்திட்டத்தில் ஒரு வரிகூடத் தவறவில்லை.

மழை இல்லாத நாளில்? சொட்டுகிற குழாய் ஒன்று எந்தப் பள்ளியிலும் இருக்கும்! அதன் கீழே 200 மில்லி லிட்டர் டம்ளரை வையுங்கள். 10 நிமிஷத்தில் நிறைந்தால், ஒரு மணிக்கு 1,200 மில்லி லிட்டர். ஒரு நாளைக்கு 28.8 லிட்டர். ஏறக்குறைய இரண்டு குடம். இந்தக் கணக்கைப் போட்ட நாலாம் வகுப்பு, குழாயைப் பழுது பார்க்கச் சொல்லித் தலைமை ஆசிரியருக்கு ஒரு மனு எழுதட்டும். அது தமிழ்ப் பாடம்.

"பசுவுக்கு நாலு கால்"

தமிழ் வகுப்பில் கட்டுரை எழுதச் சொல்கிறார்கள். தலைப்பு: பசு. "பசு ஒரு வீட்டு விலங்கு. அதற்கு நாலு கால்கள் உண்டு. அது பால் தரும்." தலைமுறை தலைமுறையாக இதே கட்டுரைதான்.

அதை எழுதுகிற பையன் காலையில் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வந்திருப்பான். மாடு எந்தப் புல்லை விரும்பித் தின்னும், எதை முகர்ந்துவிட்டுத் தள்ளிவிடும், மழை வருவதற்கு முன் எப்படி நிற்கும் என்று அவனுக்குத் தெரியும். பேனாவை எடுத்ததும் அத்தனையும் மறந்துபோகிறது. நாலு கால் மட்டும் மிஞ்சுகிறது. அவனுக்குத் தெரிந்ததைப் பள்ளிக்கூடம் படிப்பாக மதிக்கவில்லை. அதுதான் காரணம்.

வார்த்தைகளும் தொலைந்து போகின்றன. தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உண்டு. மதகு, மடை, கலிங்கு, வரத்துக்கால் என்று அவற்றின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஏரி நிறைந்தபின் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேற வைத்த இடம்தான் கலிங்கு. இந்தப் பெயர் தெரியாத தலைமுறை, கலிங்கை அடைத்து வீடு கட்டும். வீட்டுக்குள் வெள்ளம் வந்தபிறகு அரசாங்கத்தைத் திட்டும். சொல் போனால் பொருளும் போகிறது.

கடற்கரைக் குப்பத்துப் பிள்ளைக்கு நெத்திலி, சாளை, வஞ்சிரம் எல்லாம் தெரியும். ஊட்டிப் பக்கத்துப் பிள்ளைக்கு உறைபனி தெரியும். அவரவர் ஊர்ச் சொல்லைக் கரும்பலகையில் எழுதி எழுத்துக்கூட்டச் சொன்னால் எழுத்தும் சீக்கிரம் வரும். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தை ஐந்தாகப் பிரித்துப் பார்த்த மொழி தமிழ். மலைக்கும் கடலுக்கும் ஒரே பாடம் போதும் என்று பழந்தமிழர் நினைக்கவில்லை.

நாலு பாம்புகள்

"பாம்பு ஊர்வன வகையைச் சேர்ந்தது." பரீட்சைக்கு இது போதும். வயலோரத்தில் வீடு உள்ள பிள்ளைக்கு இது போதுமா?

நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் நாட்டில் பாம்புக்கடியால் உண்டாகும் சாவுகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நாலும்தான் காரணம். சித்திர வகுப்பில் இந்த நாலையும் வரையச் சொல்லலாம். வரைகிற கை அடையாளத்தை மறக்காது. கடித்தால் கத்தியால் கீறக்கூடாது, வாயால் உறிஞ்சக்கூடாது, இறுகக் கட்டக்கூடாது, மந்திரிக்கிறவரைத் தேடிப் போகாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று அதே வகுப்பில் சொல்லலாம். விஷமுறிவு மருந்துக்கு வேண்டிய விஷத்தைச் சென்னைக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் பல ஆண்டுகளாக எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறார்கள் என்பது ஒரு நல்ல கதை. பாம்பைக் கண்டதும் தடியைத் தேடுகிற வீட்டில் ஒரு பிள்ளை அந்தக் கதையைச் சொன்னால், சமயத்தில் பாம்பும் பிழைக்கும், மனுஷனும் பிழைப்பான்.

பிள்ளைகள் கேட்பார்களா என்ற சந்தேகம் வேண்டாம். சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய ஊர். கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று பல ஆண்டுகளாக அங்கே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. எந்தச் சிறுவனுக்குத்தான் பட்டாசு பிடிக்காது? ஆனாலும் அந்த ஊர்ச் சிறுவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள். பறவையை அவர்கள் படத்தில் பார்க்கவில்லை. தலைக்கு மேலே பார்க்கிறார்கள்.

வாத்தியாரின் கஷ்டம்

ஆசிரியர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. எத்தனையோ தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புகளுக்கு இரண்டே ஆசிரியர்கள். ஒருவர் கூட்டத்துக்குப் போய்விட்டால் இன்னொருவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். பதிவேடு, புள்ளிவிவரம், இலவசப் பொருள் கணக்கு எல்லாம் அவர் தலையில். அவரிடம் போய், "இனிமேல் சுற்றுச்சூழல் என்று இன்னொரு பாடமும் நடத்துங்கள்" என்று சொல்வது கொடுமை.

கலந்து கொடுக்கச் சொல்வது இதனால்தான். கூட்டல் கணக்குக்குப் புத்தகத்தில் உள்ள ஆப்பிளை எண்ணுவதும் ஒன்றுதான். வகுப்புக் குப்பைக் கூடையில் உள்ள மிட்டாய்க் காகிதத்தை எண்ணுவதும் ஒன்றுதான். நேரம் அதிகம் ஆகாது. ஆனால் இரண்டாவது கணக்கில், பிளாஸ்டிக் பைக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் ஏன் தடை வந்தது என்ற பேச்சும் தானாக வரும்.

ஏரிக்கு அழைத்துப் போய் ஒரு பிள்ளை தவறி விழுந்தால் யார் பொறுப்பு? இந்தப் பயமும் நியாயமானது. துணைக்கு ஆள் இல்லாமல் ஓர் ஆசிரியர் 30 பிள்ளைகளை நீர்க்கரைக்கு அழைத்துப் போகக்கூடாது. போகவேண்டிய அவசியமும் இல்லை. பள்ளிச் சுவருக்குள் ஒரு மரம், ஒரு குழாய், ஒரு கூரை, ஓர் எறும்புப் புற்று. ஓர் ஆண்டுக்கு இது தாராளம்.

பெற்றோரும் கொஞ்சம் பொறுமை காட்டவேண்டும். "வாத்தியார் புத்தகத்தைத் திறக்கவே இல்லை, பிள்ளைகளை மரத்தடியில் நிற்கவைத்து நிழலை அளக்கச் சொல்கிறார்" என்று சிலர் புகார் சொல்கிறார்கள். சட்டையில் மண் ஒட்டியதற்குச் சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. காலையில் நீளமாக விழுந்த நிழல் மத்தியானம் ஏன் குறுகியது என்று ஒரு பிள்ளை யோசித்துவிட்டால், அன்றைக்குப் புத்தகம் மூடியிருந்ததால் நஷ்டம் ஒன்றும் இல்லை. சட்டையைத் துவைத்துக்கொள்ளலாம்.

காந்தியடிகள் 1937-லேயே ஆதாரக் கல்வி என்று ஒரு திட்டம் சொன்னார். கைத்தொழிலையும் ஊரையும் இயற்கையையும் மையமாக வைத்து எல்லாப் பாடத்தையும் நடத்தவேண்டும் என்பது அவர் எண்ணம். பருத்தியில் இருந்து கணக்கும் வரும், பூகோளமும் வரும். நல்ல யோசனைதான். ஆனால் பல பள்ளிகளில் என்ன ஆயிற்று? தக்ளி சுற்றுவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். அந்த மணி முடிந்ததும் தக்ளி பெட்டிக்குள் போயிற்று. பழையபடி மனப்பாடம் வந்தது. சுற்றுச்சூழல் கல்விக்கும் தனி மணி அடித்தால் இதே கதிதான்.

கேள்வித்தாள்

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று உண்டு. மதிப்பெண் கிடைக்காத எந்தக் காரியத்தையும் பள்ளிக்கூடம் ரொம்ப நாள் செய்யாது. பெற்றோரும் செய்ய விடமாட்டார்கள். ஆகையால் கல்வி அதிகாரிகள் முதலில் கைவைக்க வேண்டிய இடம் கேள்வித்தாள்.

"நீர்நிலைகளின் வகைகள் யாவை?" என்று கேட்காமல், "உன் பள்ளிக்கு மிக அருகில் உள்ள நீர்நிலையின் பெயர் என்ன? அதற்குத் தண்ணீர் எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது? நிறைந்தால் எந்த வழியாகப் போகிறது?" என்று கேட்கலாம். பட்டணத்துப் பிள்ளைக்கு, "மழை பெய்தால் உன் தெருவில் முதலில் தண்ணீர் தேங்கும் இடம் எது? ஏன்?" என்று ஒரு கேள்வி. ஒரு தாளுக்கு இப்படி இரண்டு கேள்வி போதும்.

இதற்குக் கைடு புத்தகம் போட முடியாது. ஊருக்கு ஊர் விடை மாறும். சென்னையில் உட்கார்ந்து விடைக்குறிப்பு தயாரிக்கவும் முடியாது. விடைத்தாளைத் திருத்துகிற ஆசிரியர் முதலில் அந்த ஏரிக்கரைக்கு ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியிருக்கும். அதற்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போதும். வழி தெரியாவிட்டால் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.